போரை எதிர்த்துப் பேசியதற்காக ஒரு பாதிரியாருக்கு 15 வருட சிறையா?

ஆமாம், உண்மைதான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வின்சர் என்ற சின்ன ஊர். அங்கே பாப்டிஸ்ட் சபைப் போதகராக இருந்தவர் கிளாரன்ஸ் வால்ட்ரன். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 அக்டோபரில் தேவாலயங்கள் எல்லாம் போர்க் கடன்பத்திரங்களுக்கு ஆதரவு திரட்டியபோது இவர் அதில் சேரவில்லை என்று ஊரில் புகைச்சல் கிளம்பியது. கூட்டம் கூடி அவர்மேல் தேசியக்கொடியைப் போர்த்தி தேசியகீதம் பாடவைத்தது. பாடினார். ஆனாலும் சந்தேகம் அடங்கவில்லை.

வழக்குக்கு உயிர் கொடுத்தது ஒரு துண்டுப் பிரசுரம்: கிறிஸ்தவன் போரில் பங்கெடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அவர் அதைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்டது ஐந்தே பேருக்கு. அதில் ஒருவர் பெண், இன்னொருவர் பாதிரியார்! இவர்களைப் பட்டாளத்துக்குப் போகாமல் தடுத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் 1917 ஜூனில் வந்த உளவுச் சட்டம், போர்க்காலத்தில் படையில் ஆள் சேர்வதை வேண்டுமென்றே தடுத்தால் 20 வருடம்வரை தண்டிக்கலாம் என்றது. உளவாளிகளுக்கென்று பெயர், மாட்டியதோ பெரும்பாலும் பேசியவர்கள். முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1918 மார்ச்சில், இரண்டாவது விசாரணையில் 15 வருடம் விழுந்தது. போர் முடிந்தபின், 1919-இல், சுமார் ஒரு வருட சிறைவாசத்தோடு வெளியே வந்துவிட்டார்.