சீட்டுக்குப் போட்ட ஊசி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் புளியரையைச் சேர்ந்தவன். என் அம்மா பூ வியாபாரி. தென்காசிச் சந்தையில் மல்லிகையும் செவ்வந்தியும் எடுத்து, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு, புனலூர் வரை கொண்டுபோய் விற்றுவருவார். ஓணத்தை ஒட்டிய சில நாள் வியாபாரத்தில்தான் எங்கள் வீட்டின் ஆண்டுக் கடன் அடையும். 2021 ஆகஸ்டில் அந்த வியாபாரம் தொடங்கும் நேரத்தில், கோவிட் ஊசி போட்ட சான்றிதழோ பரிசோதனைச் சீட்டோ இல்லாமல் கடைகளுக்குள் போக முடியாது என்று கேரளத்திலும், திரும்பி வர முடியாது என்று தமிழ்நாட்டிலும் உத்தரவு வந்தது. அம்மா ஒருநாள் முழுவதும் பூக்கூடையோடு செக்போஸ்ட்டில் நின்று, பூவெல்லாம் வாடி, வீட்டுக்கு வந்தார். மறுவாரம் ஊசி போட்டுக்கொண்டார். மூன்று நாள் காய்ச்சலில் படுத்தார். அந்த வருமானமும் போயிற்று. அதைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘நோவுக்கா போட்டேன்? சீட்டுக்குல்லா போட்டேன்’ என்பார்.

கேரளத்தில் நிபா வைரஸ் என்று செய்தி வந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகையில் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அதெல்லாம் ஃபைன் போடுகிறவனுக்காக என்று சொல்லிவிட்டார். இப்போது பத்து வயதாகும் என் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் டிடி ஊசி போட ஒப்புதல் கேட்டுத் தாள் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடக் கூடாது என்று மதினியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

தடுப்பூசி தேவை என்று நீங்கள் தொடர்ந்து எழுதிவருகிறீர்கள். அன்று கட்டாயப்படுத்தியது சரிதானா? என் அம்மாவைப் போன்றவர்களை அறியாமை என்று ஒதுக்கிவிடலாமா?

க. மு.
புளியரை

அன்புள்ள க. மு. அவர்களுக்கு,

உங்கள் அம்மா சொன்னதில் அறியாமை எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2021 ஆகஸ்டில் எல்லையின் இருபுறமும் நடந்ததை அவர் ஒரே வரியில் சரியாகச் சொல்லியிருக்கிறார். அந்த உத்தரவுகளைத் தேதியோடு வைத்துப் பார்த்தால் அது விளங்கும்.

இரண்டு உத்தரவுகளும் ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்தன. கேரளத்தில் கடைக்குள் செல்ல, குறைந்தது ஒரு டோஸ் போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும், அல்லது 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனை முடிவு வேண்டும், அல்லது கோவிட் வந்து குணமாகி ஒரு மாதம் கடந்திருக்க வேண்டும். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர இரண்டு டோஸ் சான்றிதழ் அல்லது அதே பரிசோதனை முடிவு வேண்டும். அந்த ஆண்டு திருவோணம் ஆகஸ்ட் 21. கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டு டோஸ்களுக்கிடையே 84 நாள் இடைவெளி வேண்டும் என்று மத்திய அரசு மே மாதமே அறிவித்திருந்தது. ஆகவே உத்தரவைக் கேட்டவுடன், எந்தத் தயக்கமும் இல்லாமல், அன்றே ஓடிப்போய் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குக்கூட அக்டோபர் கடைசி வாரத்துக்கு முன் இரண்டாம் டோஸ் கிடைத்திருக்காது. அதுவரை அவர் மூன்று நாளைக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். கேரளத்தில் அந்தப் பரிசோதனைக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 500 ரூபாய். மூன்று நாளுக்கு ஒருமுறை 500 ரூபாயைப் பூக்கூடையிலிருந்து எடுத்துவைக்க யாரால் முடியும்?

அரசுகளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஜூலைக் கடைசியில் நாட்டின் தினசரித் தொற்றில் ஏறத்தாழப் பாதி கேரளத்தில் பதிவாகிக்கொண்டிருந்தது. மே மாதத்தில் ஆக்சிஜன் படுக்கைக்காக மக்கள் அலைந்ததைக் கண்டவர்கள் எல்லையைப் பார்த்துப் பயந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். தடுப்பூசி மிகப் பெரும் எண்ணிக்கையில் உயிர்களைக் காத்தது என்பதிலும் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கைக்கு எட்டாத ஒன்றைக் கேட்டு வழியை மறிக்கும் உத்தரவு, கேட்கப்படுபவரின் கண்ணில் நோய்த்தடுப்பாகத் தெரியாது. வழிமறிப்பாக மட்டுமே தெரியும். டெல்டா வகைக்கு எதிராக ஒரு டோஸ் தரும் காப்பு குறைவு என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. அந்த ஒரு டோஸ் சான்றிதழோடு கடைக்குள் போனவரால் உள்ளே இருந்தவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடைத்திருக்காது.

உங்கள் அம்மாவுக்கு 45 வயது கடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் 2021 ஏப்ரல் 1 முதலே அவர் போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். அந்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்பதை மறந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். நடிகர் விவேக் 15-ஆம் தேதி சென்னையில், எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, கேமராக்களுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் உடனே சொன்னார்கள். ஆனால் ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு முறையாக ஆராய்ந்து, இது தற்செயலாக அடுத்தடுத்து நேர்ந்தது என்ற முடிவை வெளியிட்டது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதமும் கிராமங்களில் வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகள்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. தான் நேசித்த ஒரு மனிதர் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்ததைக் கண்டு தயங்கிய ஒரு பெண்ணை அறிவில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விளக்கம் தாமதமானது அவர் குற்றம் அல்ல.

இதே மண்ணில், இதைவிடப் பல மடங்கு கொடிய நோயான பெரியம்மைக்கு எதிராக, ஊசி எப்படி உள்ளே வந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். புளியரை உட்பட உங்கள் செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்குமுன் நெடுங்காலம் அது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே ராணி கௌரி லட்சுமி பாயின் ஆட்சியில், 1813-இல், அம்மை குத்துவதற்கென்று தனித்துறை தொடங்கினார்கள். பெரியம்மை வந்தால் அது அம்மன் வந்து இறங்கியிருப்பது. வேப்பிலை கட்டி, குளிர்வித்து, அவள் மலையேறும்வரை காத்திருப்பதே முறை என்று மக்கள் நம்பிய காலம் அது. அம்மை குத்தும் முறையும் இன்று நாம் நினைப்பது போன்றதன்று. முன்பு குத்திய ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தைக் கீறி, அந்த நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றுவார்கள். அடுத்த ஊருக்கு மருந்து போக வேண்டுமென்றால் கை பழுத்த குழந்தையையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். யாருடைய பிள்ளையின் சீழ் என் பிள்ளையின் உடம்பில் ஏறுகிறது என்று ஒரு தாய் கேட்டால் அதில் சாதியும் இருந்தது. உண்மையான ஆபத்தும் இருந்தது. ஒரு குழந்தைக்கிருந்த வேறு நோய்கள் அந்த வழியில் மற்றொரு குழந்தைக்குப் போனதுண்டு. கன்றுக்குட்டியிடமிருந்து எடுக்கும் மருந்துக்குப் பின்னாளில் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

திருவிதாங்கூரில் மக்களின் அச்சத்தைப் போக்க அரச குடும்பத்தினர் முதலில் தங்கள் கையைக் காட்டினார்கள். கட்டாயம் என்ற சொல் அரச பிரகடனத்தில் வருவது 1879-இல், ஆயில்யம் திருநாள் காலத்தில். அதாவது 66 ஆண்டுகள் கழித்து. அதுவும் அரசு ஊழியர், சிறைக் கைதிகள், பள்ளி மாணவர் போன்ற சில வகையினருக்கு மட்டும். அரசிடம் சம்பளம் வாங்குபவர்கள், அரசின் சுவர்களுக்குள் நெருக்கமாக வாழ்பவர்கள், அரசின் கூரையின்கீழ் ஒன்றாக உட்கார்பவர்கள் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு காரணம் தென்படுகிறது. சந்தைக்குப் போகும் பூக்காரரை அந்தப் பிரகடனம் தொடவில்லை. மன்னராட்சியை நான் புகழ வரவில்லை; கைதிக்கு மறுப்புரிமை இருந்திருக்காது. ஆனாலும் முதலில் காட்டுவது, பிறகு கொண்டுவந்து கொடுப்பது, மிகப் பிந்திக் குறிப்பிட்ட சிலரிடம் மட்டும் கட்டாயமாகக் கேட்பது என்ற அந்த வரிசையை 2021-இல் நாம் தலைகீழாக்கிவிட்டோம் என்பதே என் வருத்தம்.

படித்தவர்கள் ஊசியைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்பதும் பொய். 1955-இல், முதலமைச்சர் பதவியை விட்டு ஓராண்டு கழித்து, ராஜாஜி காசநோய்க்கான பிசிஜி ஊசி இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அவருடைய வாதங்கள் எல்லாம் சரி என்று நான் கருதவில்லை. ஆனால் அந்த ஊசி பெரியவர்களைக் காசநோயிலிருந்து காக்கிறதா என்ற கேள்விக்கு விடை காண 1968-இல் செங்கல்பட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் ஒரு பெரும் ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று அதன் முடிவு சொன்னபோது மருத்துவ உலகமே திகைத்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய்களை அது தடுப்பதால் இன்றும் பிறந்தவுடன் அதைப் போடுகிறோம், போடத்தான் வேண்டும். கேள்வி கேட்டவரின் வாயை அடைக்காமல் ஆராய்ந்ததால்தான் அந்த ஊசி யாருக்குப் பயன்படும் என்பது துலங்கியது.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். முகக்கவசத்தையும் ஊசியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முகக்கவசத்தைப் பேருந்தில் ஏறும்போது போட்டு, இறங்கியதும் கழற்றிவிடலாம். ஊசி உடம்புக்குள் போய்விடுகிறது, திரும்ப எடுக்க முடியாது. எனவே கட்டாயப்படுத்துவதற்கு வேண்டிய காரணமும் ஊசிக்கு மிக வலுவாக இருக்க வேண்டும். குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். எவரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, தன் உடல்மீது ஒருவருக்குள்ள உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது. பொது நலனுக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம், ஆனால் அதற்குச் சட்டத்தின் ஆதாரமும் உண்மையான தேவையும் வேண்டும், கட்டுப்பாடு அந்தத் தேவையின் அளவை மீறக் கூடாது என்றது. ஊசி போடாதவர்களால் மற்றவர்களைவிட அதிகமாக நோய் பரவுகிறது என்பதற்கு அரசுகள் தரவு எதையும் முன்வைக்கவில்லை என்றும் குறிப்பிட்டது. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் காட்டி, பொது இடங்களுக்கு வர ஊசி கட்டாயம் என்று அறிவித்திருந்த தமிழ்நாடும் அந்த வழக்கில் எதிர்மனுதாரர். அதே தீர்ப்பு அரசின் தடுப்பூசித் திட்டத்தை நியாயமானது என்றே ஏற்றது. ஊசியை எதிர்ப்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையல்ல.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறவரிடமும் முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்பவரிடமும் ஊசியைக் கட்டாயமாகக் கேட்கலாம் என்றே நான் நினைக்கிறேன். தப்பிப்போக முடியாத நோயாளிகள் அவர்கள் கையில் இருக்கிறார்கள். அங்கேயும் ஊசியை இலவசமாக, பணியிடத்திலேயே போட்டு, காய்ச்சல் நாட்களுக்குச் சம்பளமும் கொடுத்த பிறகுதான் கேட்க வேண்டும். உங்கள் அம்மாவின் மூன்று நாள் வருமானத்தை யாரும் ஈடுசெய்யவில்லை. செய்திருந்தால் அவருடைய பேச்சு வேறாக இருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முகக்கவசத்துக்குத் தமிழ்நாட்டில் முதலில் 200, பிறகு 500 ரூபாய் அபராதம். நான்குவழிச்சாலையில் காற்று வாங்கிக்கொண்டு இருசக்கர வாகனத்தில் போனவரைப் பிடிப்பது எளிது என்பதால் அவரைப் பிடித்தார்கள். ஆள் திணித்து ஏற்றிய வேனுக்குள்ளும் கதவடைத்த கல்யாண மண்டபத்துக்குள்ளும்தான் நோய் பரவியது. ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளத்தில் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் காவலில் இறந்ததை நம் பக்கத்தில் எவரும் மறக்கவில்லை. சுகாதார விதியை லத்தியின் கையில் கொடுத்தால் மக்கள் லத்தியை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

வங்கதேசத்தில் 2020–21-இல் 600 கிராமங்களில் நடந்த ஆய்வு வேறொரு வழியைக் காட்டியது. வீடுவீடாக இலவச முகக்கவசம் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களும் பள்ளிவாசல் இமாம்களும் அணிந்து காட்டி, தெருவில் ஆட்கள் நின்று மரியாதையாக நினைவூட்டினார்கள். அணிபவர்கள் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தார்கள். அறுவை முகக்கவசம் கொடுத்த ஊர்களில் முதியவர்களிடையே அறிகுறியோடு வந்த தொற்று கணிசமாகக் குறைந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்திகளாலும் ஊருக்குப் பரிசு என்ற அறிவிப்பாலும் கூடுதல் பயன் எதுவும் விளையவில்லை.

இங்கேயும் அப்படி நடந்ததுண்டு. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்கு ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த நர்சம்மா, மூன்று பேர் மட்டும் கை நீட்டினால் குப்பியைத் திறக்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று பேரே, ‘வாங்க மதினி, நானே போட்டுக்கப் போறேன், உங்களுக்கு என்ன பயம்’ என்று மற்றவர்களைக் கூப்பிட்டுப் பத்துப் பேரைச் சேர்ப்பார்கள். யாரும் சீட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

உங்கள் அண்ணன் மகளின் விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். டிடி ஊசி இசிவு நோயையும் (டெட்டனஸ்) தொண்டை அடைப்பானையும் (டிப்தீரியா) தடுப்பது. இசிவுக் கிருமி மண்ணில் இருக்கிறது. துருப்பிடித்த ஆணியோ முள்ளோ போதும். தொண்டை அடைப்பான் 2016-இல் மலப்புரத்தில் மீண்டும் தலைகாட்டிக் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அம்மாவிடம் கோவிட் ஊசியைப் பற்றி வாதாட வேண்டாம்; அன்று உங்களை நிறுத்தியது நியாயமில்லை என்று முதலில் சொல்லுங்கள், அது உண்மை. பிறகு, என்னையும் அண்ணனையும் வயிற்றில் சுமந்தபோது நர்சம்மாவிடம் போட்டுக்கொண்ட ஊசி நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாகப் போட்டிருப்பார், அது இதே இசிவுக்கான ஊசி. பிரசவத்தில் தாய்க்கும் சேய்க்கும் வரும் இசிவு இந்தியாவிலிருந்து ஒழிந்ததாக 2015-இல் அறிவிக்கப்பட்டதற்கு அந்த ஊசியும் ஒரு காரணம். அப்போது அவரிடம் யாரும் எந்தச் சாவடியிலும் சீட்டு கேட்கவில்லை.

நிபாவுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. 2018-இல் கோழிக்கோட்டுப் பக்கம் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள், நோயாளிக்கு அருகில் இருந்தவர்களுக்குத்தான் பரவியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாஸ்க் போடச் சொல்வது அதனால்தான் என்று காரணத்தோடு சொன்னால் அம்மா கேட்பார் என்று நினைக்கிறேன். பள்ளித் தாளைத் திருப்பித் தரும் நாளுக்கு முன் உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் கை இரண்டு நாள் வலிக்கலாம், லேசான காய்ச்சல் வரலாம் என்பதையும் மறைக்காமல் அவரே அம்மாவிடம் சொல்லட்டும். அம்மா கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும். அதன் பிறகு மதினி கையெழுத்திடட்டும்.

அன்புடன்.