வயிற்றில் அமிலம் குறைவா? கெப்சூல் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது, கொழுந்து பறிக்கிறார். சாப்பிட்டவுடன் வயிறு உப்பி, மாலைவரை ஏப்பமாக வருகிறது. அமிலம் குறைந்தால்தான் இப்படி வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதில் காட்டியபடி வெறும் வயிற்றில் அப்பச்சோடா கரைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிடத்துக்குள் ஏப்பம் வராவிட்டால் அமிலம் குறைவாம். அம்மாவுக்கு வரவில்லை. அதனால் அமிலத்தைக் கூட்டும் பீட்டேன் எச்.சி.எல். கெப்சூல் ஒரு போத்தல் பேஸ்புக்கில் வாங்கிவிட்டேன். கிளினிக்கில் கொடுத்த ஒமெப்ரசோலும் முழங்கால் வலிக்கு டைக்குளோபெனக்கும் அம்மா போடுகிறார். கெப்சூலை எத்தனையில் தொடங்குவது? (வாசகி, ஹட்டன்)

பதில்: தொடங்கவே வேண்டாம். போத்தலைத் திறக்காமல் வையுங்கள், பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

காரணம் அந்த இரண்டு மாத்திரைகளில் இருக்கிறது. டைக்குளோபெனக் வலியைக் குறைக்கும்போதே வயிற்றின் உட்சுவரைக் காக்கும் படலத்தையும் மெலிய வைக்கும். அந்த இடத்தில் அமிலம் பட்டுப் புண் வராமலிருக்கத்தான் டாக்டர்மார் பெரும்பாலும் கூடவே ஒமெப்ரசோல் எழுதுகிறார்கள். ஒமெப்ரசோல் அமிலத்தைக் குறைக்கிறது, பீட்டேன் கெப்சூல் அதைக் கூட்டுகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒமெப்ரசோல் தரும் காவல் போய்விடும். இபுபுரோபன், அஸ்பிரின், பிரெட்னிசோலோன் போடுகிறவர்களுக்கும், முன்பு வயிற்றுப்புண் இருந்தவர்களுக்கும் இந்தக் கெப்சூல் ஆகாது.

அப்பச்சோடா சோதனையை நம்பாதீர்கள். சோடா அமிலத்தோடு சேர்ந்தால் வாயு வரும் என்பது உண்மை. ஆனால் வெறும் வயிற்றில் அந்த நேரம் எவ்வளவு அமிலம் கிடக்கிறது, எவ்வளவு காற்றை விழுங்கியிருக்கிறோம், வாயு மேலே வருகிறதா கீழே போகிறதா என்பதெல்லாம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். போதாததற்கு, ஒமெப்ரசோல் போடுகிறவரின் வயிற்றில் அமிலம் குறைவாக இருப்பது அந்த மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அதை நோய் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு சங்கடம், அமிலம் குறைந்தாலும் கூடினாலும் வெளியே தெரியும் அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றுதான்: உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு. எல்லாவற்றையும் நாம் 'கெஸ்ட்ரைட்டிஸ்' என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அமிலம் உண்மையிலேயே நாட்பட்டுக் குறைவதற்குக் காரணங்கள் சிலதான். எச். பைலோரி கிருமி நெடுநாள் இருந்து உட்சுவரைத் தேய்த்திருக்கலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே அமிலம் சுரக்கும் கலங்களைத் தாக்கியிருக்கலாம். அல்லது ஒமெப்ரசோல் வகை மருந்தை நீண்டகாலம் எடுத்திருக்கலாம். முதலிரண்டுக்கும் கெப்சூல் மருந்தாகாது. கிருமி இருந்தால் அன்டிபயோட்டிக் வேண்டும், இரண்டாவதற்கு விட்டமின் பி12 வேண்டும்.

ஆகவே போத்தலுக்கு முன் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். முதலில் முழுக் குருதி எண்ணிக்கை. அதில் ஈமோகுளோபினோடு எம்.சி.வி. (செங்குருதிக் கலங்களின் சராசரிப் பருமன்) என்ற வரியையும் பாருங்கள். அது குறைந்திருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, கூடியிருந்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும். அடுத்து எச். பைலோரிக்கான மலப் பரிசோதனை அல்லது மூச்சுப் பரிசோதனை. இதில் பலரின் காசு வீணாவது ஒரே காரணத்தால்தான்: ஒமெப்ரசோலை 2 வாரமும் அன்டிபயோட்டிக்கை 4 வாரமும் நிறுத்தியிருக்காவிட்டால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். ஆனால் டைக்குளோபெனக் போட்டுக்கொண்டு ஒமெப்ரசோலை மட்டும் நிறுத்தக்கூடாது. முழங்காலுக்கு அந்த நாட்களில் பரசிட்டமோலோ பூசும் மருந்தோ போதுமா என்று கிளினிக்கில் கேட்டு, இரண்டையும் டாக்டர் சொன்னபடி மாற்றுங்கள். மாதக்கணக்கில் போட்ட ஒமெப்ரசோலைத் திடீரென்று விட்டால் சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிடக் கூடச் சுரக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உடல் மெலிவது, விழுங்கச் சிரமம், விடாத வாந்தி, வாந்தியில் இரத்தம், தார்போல் ஒட்டும் கறுப்பு மலம், இரத்தச்சோகை: இதில் ஒன்று இருந்தாலும் தோட்ட டிஸ்பென்சரியோடு நிற்காதீர்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா வைத்தியசாலைக்கோ கூட்டிப்போங்கள். இரத்த வாந்தியும் தார் மலமும் அன்றைக்கே பார்க்க வேண்டியவை. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் தார்போல் பளபளத்து நாறாது.

ஒமெப்ரசோலை அம்மா எப்போது போடுகிறார் என்றும் கேளுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டியது அது. ரொட்டியும் தேத்தண்ணியும் முடித்து, மலைக்கு ஏறும் அவசரத்தில் போட்டால் பாதிப் பயன்கூடக் கிடைக்காமல் போகலாம். இரும்பு மாத்திரையும் போடுகிறவரானால் அதற்கும் தேத்தண்ணிக்கும் குறைந்தது ஒரு மணி இடைவெளி வேண்டும்.

கேள்வி: இரண்டு போத்தலிலும் 'பீட்டேன்' என்று இருக்கிறது. ஒன்று மற்றதில் பாதி விலை. எதை வாங்கலாம்? (வாசகர், பண்டாரவளை)

பதில்: விலை குறைந்ததில் 'அன்ஹைட்ரஸ்' அல்லது 'டி.எம்.ஜி.' (TMG) என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது வேறு பொருள். உடற்பயிற்சி செய்பவர்களுக்கென்று விற்கப்படுகிறது, அதில் அமிலமே இல்லை. அமிலம் தருவது 'ஹைட்ரோகுளோரைட்' அல்லது 'எச்.சி.எல்.' என்று போட்டிருப்பது மட்டும்.

அதிலும் அளவைக் கவனியுங்கள். 650 மி.கி. என்று போட்ட கெப்சூலில் அமிலமாகப் பிரிவது ஏறக்குறைய 155 மி.கி. மட்டுமே, மீதி பீட்டேன். 1,300 மி.கி. என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டு, பின்பக்கம் 'ஒரு வேளைக்கு 2 கெப்சூல்' என்று எழுதியிருப்பார்கள். அப்படியானால் 60 கெப்சூல் போத்தல் 30 வேளைக்குத்தான். விலையை 30ஆல் வகுத்துப் பாருங்கள், மலிவு எது என்று அப்போது தெரியும். பல சரக்கைக் கலந்து 'கலவை 800 மி.கி.' என்று மொத்தமாக மட்டும் போட்ட போத்தலை விட்டுவிடுங்கள். அதில் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே சேர்க்கும் பெப்சின் என்ற செரிமான நொதி பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. முஸ்லிம்களும் சைவச் சாப்பாட்டுக்காரரும் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பயன் எவ்வளவு என்றும் நேரே சொல்லிவிடுகிறோம். அமிலத்தை மாத்திரையால் குறைத்த ஆறு பேருக்கு வெறும் வயிற்றில் பீட்டேன் எச்.சி.எல். 1,500 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அமிலம் சில நிமிடங்களில் ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் நின்றது. வேறு மருந்துகள் உடலில் சேர உதவுமா என்று பார்க்கச் செய்த ஆய்வு அது. உப்புசம் தீர்ந்ததா என்பதை அளக்கவில்லை. அமெரிக்காவில் போதிய சான்று இல்லையென்று 1993இல் இதைச் செரிமான மருந்தாகக் கடையில் விற்பதை நிறுத்தினார்கள். இன்று அங்கே உணவுச் சப்ளிமென்ட் என்ற பெயரில்தான் விற்கிறது.

பரிசோதித்து, டாக்டரும் சரி என்று சொன்ன பிறகு எடுப்பதானால், சாப்பாட்டின் நடுவில் ஒன்று, ஒரு கிளாஸ் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து. பிரித்துத் தூளாகக் கரைக்காதீர்கள், பல்லும் தொண்டையும் வெந்துபோகும். 'நெஞ்சில் சூடு தெரியும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டு' என்ற ஆலோசனை ஆபத்தானது. எரிந்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: இதற்குப் பதிலாக அப்பிள் சைடர் வினிகர் குடிக்கலாமா? (வாசகி, மாத்தளை)

பதில்: அதிலிருப்பது ஏறக்குறைய 5 சதவீத அசிட்டிக் அமிலம். வயிறு தானே சுரப்பதற்கு அது ஈடாகாது. குடித்தே தீருவதென்றால் ஒரு தேக்கரண்டி, பெரிய கிளாஸ் தண்ணீரில், சாப்பாட்டோடு. குடித்தவுடன் பல் துலக்காமல் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். மிட்டாய்போல் மெல்லும் வினிகர் 'கம்மி'களுக்குக் காசு செலவழிக்காதீர்கள், அவற்றில் பலவற்றில் சீனியே முன்னால் நிற்கிறது.

கேள்வி: ஒன்லைனில் வாங்கிய செரிமானக் கெப்சூல் திறந்தபோதே ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுவென்று இருந்தது. விற்றவர் 'உங்கள் ஊர் ஈரம்தான் காரணம்' என்கிறார். (வாசகர், தலவாக்கலை)

பதில்: சீல் உடையாமல் வந்து, திறக்கும்போதே ஒட்டியிருந்தால் உங்கள் ஊர் ஈரம் அதற்குள் போக வழியில்லை. ஒன்று அது முன்பே திறந்து மறுபடி சீல் வைக்கப்பட்டது, அல்லது களஞ்சியத்தில் கெட்டது. கெப்சூலின் கூடு ஈரத்தை இழுத்து ஒட்டும், செரிமான நொதிகள் ஈரத்திலும் வெப்பத்திலும் வலுவிழக்கும். ஒட்டியதை உரித்துச் சாப்பிட வேண்டாம். இனி வாங்கினால் முதலில் சீலைப் பாருங்கள். திறந்த பின் உள்ளிருக்கும் சிலிக்கா பையை எறியாமல், அடுப்படி ராக்கையில் வைக்காமல், அதே போத்தலில் இறுக மூடி வையுங்கள். மழைக்காலத்தில் வாரத்துக்குரியதை வேறு டப்பாவில் பிரித்துவைப்பதும் கெடுத்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: சீல், ஒட்டிய கெப்சூல், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, பார்சல் உறை எல்லாவற்றையும் தனித்தனியே படமெடுங்கள். பணம் கட்டிய ரசீதையும் விற்றவரோடு பேசிய செய்திகளையும் அழிக்காதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது விற்பவரின் சட்டக் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. பணத்தைத் திருப்பித் தரும்படி திகதி குறித்து எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் வாங்கி மூன்று மாதம் கடக்குமுன் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வழி கேட்க 1977க்கு அழைக்கலாம். போத்தலில் இறக்குமதியாளரின் பெயரோ முகவரியோ இல்லையென்றால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மூலப் பில்லைக் கொடுத்துவிடாமல் போட்டோ கொப்பியை மட்டும் இணையுங்கள்.