ஊர் ஃபவுண்டேஷனிடம் கிராண்ட் கேட்பது எப்படி? அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கான கேள்வி பதில்

அமெரிக்காவில் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன், அதாவது ஊர் ஃபவுண்டேஷன் என்ற ஏற்பாடு 1914-ல் கிளீவ்லாந்தில் பிறந்தது. பலர் விட்டுச்சென்ற அறப்பணத்தை ஒரே இடத்தில் சேர்த்து, காலத்துக்கேற்ப அந்த ஊருக்கே செலவிட ஊர்க்காரர்களின் குழு ஒன்றை வைக்கலாம் என்று வங்கியாளர் ஃபிரெடரிக் காஃப் யோசித்தார். இன்று பெரும்பாலான பெருநகரங்களிலும் பல கவுன்ட்டிகளிலும் அப்படி ஒன்று இருக்கிறது. விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுக்களின் நடைமுறை தெரிந்த நம் உறுப்பினர் ஒருவர், உங்கள் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறார்.

கேள்வி (நியூ ஜெர்சி, சங்கச் செயலாளர்): எங்கள் கவுன்ட்டி ஃபவுண்டேஷனிடம் கோடிக்கணக்கான டாலர் இருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்துக்குத் திறந்திருப்பது சின்னத் தொகை. ஏன் ஐயா?

பதில்: அந்தப் பணம் முழுவதும் ஒரே பெட்டியில் இல்லை. சில நிதிகள் குறிப்பிட்ட பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ என்று எழுதிவைக்கப்பட்டவை. சில படிப்புதவிக்கு. பெரும்பகுதி பல இடங்களில் டோனர் அட்வைஸ்டு ஃபண்டாக, அதாவது கொடையாளர் பரிந்துரைக்கும் அமைப்புக்குப் போகும் நிதியாக இருக்கும். போட்டி விண்ணப்பத்துக்கு வருவது கட்டுப்பாடற்ற நிதியும், 'முதியோர் நலம்', 'கலை' போலத் துறை குறித்த நிதியும்தான். அவற்றிலும் மூலத்தொகையைத் தொடமாட்டார்கள். சில ஆண்டுச் சராசரி மதிப்பில் சுமார் 4 அல்லது 5 விழுக்காட்டை மட்டும் ஆண்டுதோறும் எடுப்பது வழக்கம்.

எனவே உங்களுக்கு இரண்டு வாசல். ஒன்று அறிவித்த சுற்றில் விண்ணப்பிப்பது. இன்னொன்று, உங்கள் உறுப்பினர்களில் டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் வைத்திருப்பவர்களிடம் நேரே பேசுவது. ஐடி, மருத்துவத் துறைகளில் இருக்கும் தமிழர் பலரிடம் அந்தக் கணக்கு இருக்கிறது. கேட்பவர்தான் இல்லை.

கேள்வி (டெக்சாஸ்): ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை உணவுப்பொருள் கொடுக்கிறோம். பதிவு எதுவும் இல்லை. விண்ணப்பிக்கலாமா அக்கா?

பதில்: நேரடியாக முடியாது. 501(சி)(3), அதாவது ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) அறநிறுவனங்களுக்குத் தரும் வரிவிலக்குத் தகுதி வேண்டும். ஆண்டு வரவு 50,000 டாலருக்குள், சொத்து 2,50,000 டாலருக்குள் என்றால் படிவம் 1023-ஈஇஸட் போதும், கட்டணம் 275 டாலர். முழுப் படிவம் 1023-க்கு 600 டாலர். அமைப்பைத் தொடங்கிய 27 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் தொடங்கிய நாளிலிருந்தே தகுதி கிடைக்கும்.

அதுவரை, ஏற்கெனவே தகுதியுள்ள ஓர் அமைப்பை ஃபிஸ்கல் ஸ்பான்ஸராக வைத்துக்கொள்ளலாம். பணம் அவர்கள் கணக்குக்குத்தான் வரும், செலவுக்குப் பொறுப்பும் அவர்களுடையது. வரும் தொகையில் 5 முதல் 10 விழுக்காடு வரை எடுத்துக்கொள்வது வழக்கம். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டால் ஃபவுண்டேஷன் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும்.

ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் அமைப்புகள் 990-என் என்ற சிறு மின் அறிக்கையை ஆண்டுதோறும் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பினால் போதும், ஐந்து நிமிட வேலை. ஆனால் தொடர்ந்து மூன்று ஆண்டு அனுப்பாவிட்டால் தகுதி தானாக ரத்தாகும். சங்கங்களில் பொறுப்பாளர்கள் மாறும்போது இது விட்டுப்போகிறது. புதிய பொருளாளர் பொறுப்பேற்ற வாரமே ஐஆர்எஸ் தேடல் பக்கத்தில் சங்கத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

கேள்வி (ஜார்ஜியா, கோயில் அறங்காவலர்): கோயிலுக்கு 501(சி)(3) தானாகவே உண்டு என்கிறார்கள். ஃபவுண்டேஷன் மறுபடியும் கடிதம் கேட்கிறது.

பதில்: வழிபாட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்காமலேயே விலக்கு உண்டு என்பது சரி. ஆனால் ஐஆர்எஸ் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் ஃபவுண்டேஷன் ஊழியர் எதை வைத்துச் சரிபார்ப்பார்? கிராண்ட் கேட்கப் போகிறீர்கள் என்றால் படிவம் 1023 போட்டு, தகுதியை உறுதிசெய்யும் ஐஆர்எஸ் தீர்மானக் கடிதத்தை வாங்கிவைப்பதே நல்லது. அபிஷேகத்துக்கும் கோபுரத்துக்கும் கேட்காதீர்கள். யார் வந்தாலும் உணவு கொடுக்கும் திட்டம் என்றால், அதற்குத் தனிக் கணக்கு வைத்து, மதம் பார்க்காமல் கொடுக்கிறோம் என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி (மிச்சிகன்): பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் நம் பெரியவர்களுக்கு வாரம் ஒருநாள் மதிய உணவு, ரத்த அழுத்தப் பரிசோதனை, பேச்சுத்துணை. இதைத்தான் கேட்டோம். 'உறுப்பினர் நலன்' என்று தள்ளிவிட்டார்கள்.

பதில்: திட்டம் நல்லது, எழுதிய விதம் கெடுத்திருக்கிறது. 'எங்கள் சங்க உறுப்பினர்களின் பெற்றோருக்கு' என்று ஒரு வரி இருந்தாலே அது பொதுநன்மை ஆகாது என்று குழு நினைக்கும். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்ற விதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எழுத்தில் மட்டும் எடுத்தால் போதாது. பக்கத்துத் தெலுங்கு, இலங்கை, நேபாளக் குடும்பங்களின் பெரியவர்களையும் உண்மையிலேயே அழைக்க வேண்டும்.

அடுத்து, தேவையை ஊரின் மொழியில் சொல்லுங்கள். 'நம் பண்பாட்டைக் காப்பது' மதிப்பிடுபவருக்கு எடுபடாது. கார் ஓட்டத் தெரியாத, ஆங்கிலத்தில் மருத்துவரிடம் பேச முடியாத, பகல் முழுவதும் தனியே இருக்கும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் என்றால் படம் தெளிவாகிறது. ஆதாரத்துக்கு, சென்சஸ் துறை எடுக்கும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் பி16001 அட்டவணையைப் பாருங்கள். அதில் தமிழ் தனி வரியாகவே இருக்கிறது, ஆங்கிலம் 'மிக நன்றாக'ப் பேசாதவர்கள் எத்தனை பேர் என்றும் வரும். சிறிய ஊர்களுக்கு அந்த நுணுக்கம் கிடைக்காமல் போகலாம். அப்போது நீங்களே 30 வீடுகளில் ஒரு பக்கக் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த கணக்கும் செல்லும்.

கேள்வி (அதே மிச்சிகன் உறுப்பினர்): பட்ஜெட்டும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். 15,000 டாலர் வேண்டும் என்று மொத்தமாகத்தான் எழுதியிருந்தோம்.

பதில்: குழுவில் பலர் முதலில் திருப்புவதே பட்ஜெட் பக்கத்தைத்தான். அங்கே ஒவ்வொரு தொகையும் ஒரு பெருக்கல் கணக்காக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு உங்கள் திட்டத்தையே போட்டுப் பார்ப்போம். 40 பேர், 40 வாரம், ஒரு சாப்பாடு 9 டாலர்: 14,400. வேன் வாடகை வாரம் 120 வீதம் 4,800. பகுதிநேர ஒருங்கிணைப்பாளர் வாரம் 10 மணி, மணிக்கு 25 டாலர், முன்னும் பின்னும் சேர்த்து 42 வாரம்: 10,500. அதற்கு முதலாளி பங்கான சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி 7.65 விழுக்காடு, 803. பரிசோதனைப் பொருள்களுக்கு 1,200. கூட்டினால் 31,703. காப்பீடு, கணக்கு, தொலைபேசி போன்ற நிர்வாகச் செலவு 10 விழுக்காடு, 3,170. ஆக 34,873.

இதில் 15,000 ஃபவுண்டேஷனிடம், 10,873 சங்கத்தின் கையிலிருந்து, 9,000 வேறு ஒரு கொடையாளரிடம் கேட்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை என்று மூன்றையும் காட்டுங்கள். அந்த 9,000 வராவிட்டால் எத்தனை பேரோடு தொடங்குவோம் என்று ஒரு வரி சேர்த்தால் அதற்குத் தனி மதிப்பு. இலவசமாகக் கிடைக்கும் மண்டபம், தொண்டர்களின் நேரம் ஆகியவற்றைப் பொருளுதவி என்று தனிப் பத்தியில் போடுங்கள். ரொக்கத்தோடு கலந்தால் கூட்டல் குழம்பும்.

வழக்கமாக நடக்கும் தவறு இதுதான்: விவரத்தில் 40 பேர், பட்ஜெட்டில் 60 சாப்பாடு. அல்லது வேனைப் பற்றி எங்கும் சொல்லாமல் பட்ஜெட்டில் மட்டும் வேன். எழுதுபவர் ஒருவர், கணக்குப் போடுபவர் இன்னொருவர் என்பதால் வருவது. அனுப்பும் முன் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். நிர்வாகச் செலவை வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். அதைக் காட்டாத அமைப்பு இரண்டாம் ஆண்டில் தள்ளாடுவதை மதிப்பிடுபவர்கள் அறிவார்கள்.

கேள்வி (வட கரோலினா): விண்ணப்பத்துக்கு முன் அங்குள்ள அதிகாரியை அழைத்துப் பேசலாமா? சிபாரிசு போல ஆகிவிடாதா?

பதில்: தாராளமாக அழையுங்கள். புரோகிராம் ஆபீசரின் வேலையே அது. இரண்டே வாக்கியத்தில் திட்டத்தைச் சொல்லி, 'இந்தச் சுற்றுக்கு இது பொருந்துமா, எவ்வளவு கேட்பது நியாயம்' என்று கேளுங்கள். பொருந்தாது என்றால் இருபது மணிநேர உழைப்பு மிச்சம்.

கேள்வி (இல்லினாய்): எங்கள் வரவில் பாதி ஒரே குடும்பத்தின் கொடை. இதில் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு, பலர் கவனிப்பதில்லை. பொது அறநிறுவனம் என்ற தகுதி நிலைக்க, பொதுவாக ஐந்தாண்டு மொத்த ஆதரவில் மூன்றில் ஒரு பங்காவது பொதுமக்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஒரு கொடையாளர் கொடுப்பதில் மொத்தத்தின் 2 விழுக்காடு வரைதான் அந்தக் கணக்கில் சேரும். ஐந்தாண்டு மொத்தம் 3,00,000 டாலர் என்றால் 2 விழுக்காடு 6,000. ஒருவர் 1,50,000 கொடுத்திருந்தாலும் 6,000 மட்டுமே எண்ணப்படும். கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் தன் பொதுநிதியிலிருந்து தரும் கிராண்டுக்கு இந்த உச்சவரம்பு இல்லை, முழுவதும் சேரும். புதிய அமைப்புகளுக்கு முதல் ஐந்தாண்டு இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆறாம் ஆண்டில் திகைக்காமல் இருக்க இப்போதே கணக்காளரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கலிஃபோர்னியா): பொங்கல் விழா விருந்து மேசைக்கு ஒருவர் தன் டோனர் அட்வைஸ்டு ஃபண்டிலிருந்து தருகிறேன் என்கிறார்.

பதில்: வேண்டாம். அந்த நிதியிலிருந்து கொடுத்துவிட்டு அவர் சாப்பாடோ இருக்கையோ பெறக்கூடாது. டிக்கெட் பணத்தைச் சொந்தக் கையிலிருந்து கட்டட்டும், கொடையைத் தனியே பரிந்துரைக்கட்டும். விழா பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்று: தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரை மட்டும் மேடையேற்றி வாழ்த்துவது 501(சி)(3) தகுதிக்கே ஆபத்து.

கேள்வி (ஓஹாயோ): கிராண்ட் வந்துவிட்டது. வேனுக்கு வைத்த பணம் மிச்சம், சாப்பாட்டுக்குப் போதவில்லை. மாற்றலாமா?

பதில்: முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு 10 விழுக்காடு வரை மாற்றலாம் என்று பல இடங்களில் இருக்கும். அதற்கு மேல் என்றால் செலவழிக்கும் முன்பே மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள். காரணம் நியாயமாக இருந்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். செலவழித்த பிறகு அறிக்கையில் சொன்னால் அடுத்த சுற்றில் நம்பிக்கை போயிருக்கும்.

அறிக்கைக்கான வேலை முதல் நாளே தொடங்குகிறது. வருகைப் பதிவேடு, ரசீது, தொடக்கத்திலும் முடிவிலும் கேட்ட அதே மூன்று கேள்விகள். '1,480 சாப்பாடு கொடுத்தோம்' என்பது செய்த வேலை. 'வாரத்தில் ஒருநாளாவது வீட்டுக்கு வெளியே பேச ஆள் உண்டு' என்று சொன்னவர்கள் 40-ல் 11-லிருந்து 33 ஆனார்கள் என்பது விளைவு. இரண்டும் வேண்டும்.

கேள்வி (வர்ஜீனியா): இந்தக் கிராண்டைக் கொண்டு தஞ்சாவூரில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு உதவலாமா?

பதில்: ஊர் ஃபவுண்டேஷனின் போட்டிச் சுற்றில் முடியாது. அவர்கள் எல்லை அந்தக் கவுன்ட்டி. டோனர் அட்வைஸ்டு ஃபண்ட் வழியாகச் சில ஃபவுண்டேஷன்கள் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அனுப்புகின்றன. அதற்கு, பெறும் அமைப்பு அமெரிக்க அறநிறுவனத்துக்கு நிகரானது என்ற தீர்மானம் வேண்டும், இல்லையேல் செலவை ஃபவுண்டேஷனே கண்காணிக்க வேண்டும். இந்தியப் பக்கத்தில் அந்த அமைப்புக்கு, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையிலுள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே 'சென்னையிலுள்ள டிரஸ்ட் வாங்கி ஊர் டிரஸ்டுக்குக் கொடுக்கும்' என்ற ஏற்பாட்டோடு யார் வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.