வாட்டில் நடப்பது உடற்பயிற்சி ஆகுமா?

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையின் மருத்துவ விடுதியில் தாதியாக இருக்கிறேன். வயது 38. நைட் டியூட்டி முடிந்து தீராத களைப்போடு வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். முன்பெல்லாம் நோயாளியோடு நின்று கதைப்பேன். இப்போது ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறேன். உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார் கணவர். நாள் முழுக்க நடக்கும் எனக்கு இன்னும் எதற்கு நடை? - வாசகி, கல்முனை

பதில்: தங்கச்சி, விடுதி நடை உங்களைக் களைக்க வைக்கும், வலுவாக்காது. நாலடி நடை, நிற்றல், குனிந்து நோயாளியைப் புரட்டுதல், மறுபடி நடை. இதயம் பலப்படும் அளவுக்கு இதில் மூச்சு வாங்குவதில்லை. ஆனாலும் துடிப்பும் இரத்த அழுத்தமும் மணிக்கணக்கில் சற்று உயர்ந்தே நிற்கும், இறங்குவதற்கு ஓய்வு கிடைக்காது. நீங்களே நேரம் குறித்து, வேகமாக நடந்து, பிறகு ஓய்வெடுக்கும் நடை வேறு.

தீராத களைப்பு, வேலையில் மனம் விட்டுப்போதல், தன்னால் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம்: பேர்ன் அவுட் எனும் வேலைச் சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அடையாளங்கள் இந்த மூன்றும். முதல் இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. அந்நிறுவனம் இதை நோயாக அல்ல, நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவாகவே வகைப்படுத்துகிறது. எதற்கும் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சீனி மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரத்தச் சோகையின் களைப்பும் இப்படித்தான் இருக்கும்.

வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது பொது அளவு. நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். முதல் வாரம் மூன்று நாள், தலா 10 நிமிடம். பிறகு வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டுங்கள். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். பெரும்பாலும் தவறிப்போகும் இடம் ஓஃப் நாள்: விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்த்து ஒரு மணி நேரம் நடந்து, மறுநாள் கால் வலியோடு டியூட்டிக்குப் போய், அத்தோடு கைவிடுவது.

நைட் முடிந்த காலையில் நடை வேண்டாம், தூக்கம்தான் முதல். கண் சொருகினால் ஸ்கூட்டரை எடுக்காமல் ஓய்வறையில் 20 நிமிடம் படுத்தெழுந்து வாருங்கள். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு வெயில் தணிந்ததும் நடக்கலாம். கடற்கரையில் நடப்பதானால், சரிந்த மணலில் ஒரே பக்கமாக நடந்தால் முழங்காலும் கணுக்காலும் நோகும். பாதித் தூரத்தில் திரும்பி நடங்கள். தனியே போக யோசனையென்றால் வீட்டு வளவே போதும். மாரி மழை நாட்களில் விறாந்தையில் நடக்கலாம்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு: கை ஊன்றாமல் கதிரையிலிருந்து 10 தடவை எழும்புதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 10, குதிக்காலை உயர்த்தி இறக்குதல் 15. இரண்டு சுற்று. குதிக்கால் பயிற்சி, நின்று நின்று வீங்கும் கால்களுக்கும் நல்லது.

ஆனால் ஆளணிக் குறைவை உங்கள் நடை ஈடுசெய்யாது, அந்தப் பாரத்தை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். மனச்சோர்வு இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ, தயங்காமல் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது மனநல வைத்தியரைப் பாருங்கள். அடுத்த ரோஸ்டர் போடுமுன் சிஸ்டரிடம் இரண்டு விடயம் கேளுங்கள்: தொடர் நைட்டுகளுக்குப் பின் ஒரு முழு ஓஃப், இந்த மாதம் ஓவர்டைமில் ஒரு குறைப்பு.