நாலு ஊசிக்கும் சினை நிற்காத மாட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: எங்களுடையது ஜெர்சி கலப்பின மாடு, ரெண்டாம் ஈத்து. போன அக்டோபரில் கிடேரிக் கன்று போட்டது. ஜனவரி 6, ஜனவரி 27, பிப்ரவரி 18, மார்ச் 30 என்று நாலு தடவை சினை ஊசி போட்டோம். காலையில் கத்தினால் உடனே போன் செய்வோம். ஊசி போடுகிறவர் ஒன்பது மணிக்குள் வந்து போட்டுவிடுவார். மார்ச்சுக்குப் பிறகு மாடு கத்தவே இல்லை. ஆறு லிட்டர் கறக்கிறது. தரகர் வந்து பார்த்துவிட்டு, "மலடாயிடுச்சு, 22,000 தர்றேன், செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்கு ஏத்திடலாம்" என்கிறார். ஊசி போடுகிறவரோ, "கத்த வைக்க ஒரு ஊசி இருக்கு, போடட்டுமா?" என்கிறார். மே மாதம் முடியப்போகிறது. என்ன செய்வது?
– குடியாத்தம் பக்கத்து வாசகி

பதில்: இரண்டு பேரிடமும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா. தரகரைவிட அந்த ஊசிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

நீங்கள் தேதிகளைக் குறித்து வைத்தீர்களே, பாதிப் பரிசோதனை அதிலேயே முடிந்துவிட்டது. சினை இல்லாத மாடு சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், அதைத்தான் கத்திக் காட்டும். இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆகலாம். உங்கள் முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் 21 நாள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 22. அதுவரை கடிகாரம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 40 நாள் இடைவெளி. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நடுவில் ஒரு பருவம் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். சினை பிடித்துக் கரு ஆரம்பத்திலேயே கரைந்திருக்கலாம். பிப்ரவரி 18 ஊசியிலேயே சினை நின்று, அதற்குப் பிறகும் மாடு கத்தியிருக்கலாம்.

"சினை மாடு கத்துமா?" என்று கேட்பீர்கள். கத்தும். எல்லா மாடும் இல்லை, நூற்றில் சில. ஆனால் அந்தச் சில மாடுகளால் வருகிற நஷ்டம் பெரிது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சினைக்குள் பருவ அறிகுறி காட்டும் மாடு மற்ற மாட்டின் மேல் தாவும். தன் மேல் இன்னொன்று ஏறினால் பெரும்பாலும் நிற்காமல் நகர்ந்துவிடும். பருவத்தில் பின்புறம் வடிகிற சளியான வழும்பு கொஞ்சமாக, பிசுபிசுவென்று இருக்கும். கண்ணாடிக் கம்பி மாதிரி நீளமாக இறங்காது. கருப்பை வாயைக் கெட்டியான ஒரு சளி அடைத்துக்கொண்டிருக்கும். ஊசிக் குழாய் அதைக் குத்தித் திறந்தால் கரு கலையலாம், புண்ணும் பிடிக்கலாம். கால்நடை டாக்டராகப் பணியில் இருந்த காலத்தில் சினை ஊசிக்கென்று ஓட்டிவந்த ஒரு மாட்டில் கையை விட்டுப் பார்த்தேன். நாலு மாதத்துக் கன்று உள்ளே இருந்தது. மாட்டுக்காரர் நம்பவே இல்லை, "நேத்து ராத்திரி பூரா கத்துச்சே சார்" என்று என்னோடு சண்டைக்கு வந்தார். ஆறாம் மாதம் மடி எடுத்த பிறகுதான் வந்து சிரித்தார். உங்கள் மாடும் இந்தக் கணக்கில் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. மார்ச் 30 ஊசியில் சினை நின்றிருந்தாலும் அதற்குப் பிறகு கத்தாது. சினையே இல்லாமல், வெயிலாலும் தீவனக் குறையாலும் பருவம் அமுங்கிக் கிடந்தாலும் கத்தாது. வெளியே நின்று பார்த்து இதைச் சொல்ல எவராலும் முடியாது.

இப்போது அந்தக் "கத்த வைக்கிற ஊசி". ஊர்ப்பக்கம் அந்தப் பெயரில் போடுவதில் பெரும்பாலானவை புரோஸ்டாகிளாண்டின் என்கிற ஹார்மோன் மருந்து. காலியாக இருக்கிற மாட்டில், டாக்டர் முட்டை உருவாகிற சினைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போட்டால் நல்ல மருந்துதான். மூன்று நாளில் பருவத்துக்குக் கொண்டுவரும். சினையாக இருக்கிற மாட்டுக்குப் போட்டால் கன்றைத் தள்ளிவிடும். பரிசோதனை செய்யாமல் இதைப் போடுகிறேன் என்கிறவரைத் தொழுவத்துக்குள்ளேயே விடாதீர்கள். கன்று கலைந்ததை, "பாருங்க, கத்த வச்சுட்டேன்" என்று சொல்லி மறுபடியும் காசு வாங்கிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை சினைப் பரிசோதனை. பிப்ரவரி 18-லிருந்து இப்போது மூன்று மாதம் தாண்டிவிட்டது, மார்ச் 30-லிருந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. பழக்கமான கைக்கு இரண்டுமே தட்டுப்படும். கால்நடை மருந்தகத்துக்குக் காலையில் ஓட்டிப்போங்கள். முடியாவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்து, வண்டி உங்கள் ஊர்ப்பக்கம் என்றைக்கு வருகிறது என்று கேளுங்கள். டாக்டர் இருப்பாரா என்று கேட்காதீர்கள், எனக்கே பதில் தெரியாது. ஒருவரே இரண்டு மூன்று மருந்தகங்களைப் பார்க்கிற இடங்கள் உண்டு. மிச்ச நேரம் முகாம், போட்டோ, படிவம். மாட்டின் காதில் 12 இலக்க எண் போட்டு வில்லை மாட்டியாயிற்று. ஊசி போட்ட தேதி அந்த எண்ணுக்கு எதிரே ஏற வேண்டும் என்பது விதி. நான் பார்த்த ஊர்களில் அந்தத் தேதி சமையலறைக் காலண்டரில்தான் இருக்கிறது, அதுவும் உங்களைப் போன்ற பெண்கள் எழுதி வைத்தால்.

தரகரைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வருஷம் மாட்டின் வயிற்றைப் பார்த்தே பிழைக்கிறவருக்கு, மூணு மாசச் சினை மீது சந்தேகம் வராமல் இருக்காது. உங்களிடம் வாங்கும்போது மலடு. அடுத்த சந்தையில் அதே மாடு "மூணு மாசச் சினை, டாக்டர் பார்த்தாச்சு" என்று நிற்கும். "டாக்டர் கை போட்டுப் பார்த்த பிறகு சொல்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். 22,000 அப்படியே நிற்கிறதா என்று கவனியுங்கள்.

மாடு காலி என்று தெரிந்தாலும் மலடு என்று அர்த்தமில்லை. உங்கள் கடிதத்திலேயே தப்பு ஒன்று இருக்கிறது: ஊசி நேரம். பருவம் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளியே வரும். காலையில் கத்த ஆரம்பித்த மாட்டுக்கு ஒன்பது மணிக்கே போட்டால், முட்டை வருவதற்குள் விந்து ஓய்ந்துவிடும். காலையில் கண்டால் சாயங்காலம், சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை. வருகிறவருக்கு அவருடைய பைக் ரூட்டுதான் நேரம். உங்களுக்கு மாடுதான் நேரம் என்று சொல்லுங்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் பத்து மணிக்கு ஒரு முறை தொழுவத்தை எட்டிப் பாருங்கள், வெயில் காலத்தில் பல மாடுகள் இரவில்தான் பருவம் காட்டும்.

உறைந்த விந்தை அடைத்த விந்துக் குச்சி திரவ நைட்ரஜன் கேனில் மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டியது. உங்கள் கண்முன் கேனிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் விட்டுப் போட வேண்டும். டீ பிளாஸ்கிலோ சட்டைப் பையிலோ கொண்டுவருகிறவர் போடுவது செத்த விந்து. காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி வையுங்கள். காளையின் எண் அதில் அச்சாகியிருக்கும்.

வழும்பு கலங்கலாகவோ சீழ் கலந்தோ வந்தால் அந்தப் பருவத்தில் ஊசியே வேண்டாம், கருப்பைக்கு வைத்தியம் பாருங்கள். தாதுஉப்புக் கலவை தினமும் 50 கிராம் கொடுங்கள்; கல்லுப்பு அதற்குப் பதிலாகாது. முள்ளங்கி, கற்றாழை, முருங்கைக் கீரை, பிரண்டை, கறிவேப்பிலை வைத்தியத்தை யாராவது சொன்னால், அது பருவம் வந்த நாளில் தொடங்குவது. இன்றைக்கு அல்ல.

சினை என்று டாக்டர் சொன்னால், எந்த ஊசியில் நின்றது என்றும் கேளுங்கள். பிப்ரவரி 18 என்றால் நவம்பர் 25 வாக்கில் கன்று போடும். செப்டம்பர் கடைசியில் கறப்பதை நிறுத்துங்கள். மார்ச் 30 என்றால் ஜனவரி முதல் வாரம் கன்று, நவம்பர் தொடக்கத்தில் பால் வற்ற வேண்டும். ஆறு லிட்டர் கறக்கிறதே என்று இழுக்காதீர்கள்.