ஏன் காலை வாருகிறோம், எப்போது கை கோக்கிறோம்: ஆட்டக் கோட்பாடு கேள்வி பதில்

கேள்வி: ஒத்துழைத்தால் இருவருக்கும் நல்லது என்று தெரிந்தும் ஏன் காலை வாருகிறார்கள்?

பதில்: ஒருவருக்குக் கிடைக்கும் பலன் மற்றவரின் முடிவையும் பொறுத்திருக்கும் நிலைமைகளை ஆராய்வதுதான் ஆட்டக் கோட்பாடு. அதில் வரும் 'கைதிகளின் இக்கட்டு' என்ற ஆட்டம் இதைத்தான் காட்டுகிறது. இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. இருவரும் காலை வாரினால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் வாரினால் அவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. எதிராளி எதைச் செய்தாலும் வாருவதுதான் எனக்கு லாபம். அவரும் இதே கணக்கைத்தான் போடுவார். ஆளுக்கு 3 கிடைக்க வேண்டிய இடத்தில் 1தான் மிஞ்சும். இதற்குக் கெட்ட மனசு வேண்டியதில்லை, ஆட்டத்தின் அமைப்பே போதும்.

கேள்வி: அப்படியென்றால் யாரையும் நம்பவே கூடாதா?

பதில்: ஒரே தடவை ஆடிவிட்டுப் பிரிவதற்கான கணக்கு அது. மறுபடி முகம் பார்க்க வேண்டும் என்றால் கதையே வேறு. 1980 வாக்கில் அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட் இந்த ஆட்டத்தை ஆடும் கணினி நிரல்களை ஒன்றோடொன்று திரும்பத் திரும்ப மோதவிட்டார். ஜெயித்தது அனட்டோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதலில் ஒத்துழைக்கும், அப்புறம் எதிராளி போன சுற்றில் செய்ததையே திருப்பிச் செய்யும். அவ்வளவுதான். இந்த முடிவு தெரிந்த பிறகு நடந்த இரண்டாம் போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. அதிலும் இதுவே முதலிடம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், தனித்தனி மோதல் எதிலும் இது எதிராளியை முந்தவே முடியாது என்பதுதான். மொத்தத்தில்தான் முந்தியது.

கேள்வி: பதிலுக்குப் பதில் என்று இறங்கினால் சண்டை ஓயுமா?

பதில்: சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். அந்த முறையையே பின்பற்றும் இருவரில் முதலாமவர் 5ஆம் சுற்றில் கைதவறி வாரிவிட்டார் என்று வையுங்கள். 6இல் இரண்டாமவர் திருப்பிக் கொடுப்பார். 7இல் முதலாமவர், 8இல் இரண்டாமவர். யாரும் கெடுதல் நினைக்கவில்லை, ஆனால் மாறி மாறி அடி விழுந்துகொண்டே இருக்கும். 1992இல் நோவாக், சிக்மண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டிய வழி, இடையிடையே மன்னித்துவிடுவது. மேலே சொன்ன புள்ளிகளுக்கு, எதிராளி மூன்று தடவை வாரினால் ஒரு தடவை என்ற கணக்கில் விட்டுக்கொடுக்கலாம். எப்போதும் விட்டுக்கொடுத்தால் ஏமாற்றுபவருக்குக் கொண்டாட்டம்.

கேள்வி: எல்லா மோதலும் இதே வகைதானா?

பதில்: இல்லை. சிலவற்றில் ஏமாற்றும் ஆசையே இருக்காது, மற்றவர் வருவாரா என்ற சந்தேகம்தான் தடுக்கும். அங்கே தெளிவாகப் பேசிக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: உறவு எப்போது முடியும் என்று முன்பே தெரிந்தால்?

பதில்: கடைசிச் சுற்றுக்குப் பின் பழிவாங்க நாள் இல்லை, அதனால் அங்கே வாருவார்கள். அது தெரிந்ததும் அதற்கு முந்தைய சுற்றும் கெடும், இப்படியே பின்னோக்கி முதல் சுற்று வரை. ஏட்டில் அப்படி. சோதனைகளில் மனிதர்கள் பெரும்பாலும் முடிவு நெருங்கும்வரை ஒத்துழைக்கவே செய்கிறார்கள்.