குறைத்துச் சாப்பிடுவதற்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. புதுக்குடியிருப்பில் இருக்கிறேன். அப்பா மாரடைப்பால் இறந்தவர். சாப்பாட்டைக் குறைத்தால் முதுமை தள்ளிப்போகும், இதயத்துக்கும் நல்லது என்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கரைத்துக் குடிக்கும் மா ஒன்றை மாதாமாதம் வாங்கும்படி தெரிந்த பெண் ஒருவர் வற்புறுத்துகிறார். சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறேன். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா.

நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் உடற்பருமன் இல்லாத 200க்கு மேற்பட்டவர்களை வைத்து இரண்டு வருட ஆய்வு ஒன்றைச் செய்தார்கள். வழக்கமான சாப்பாட்டில் கால்வாசியைக் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக எட்டில் ஒரு பங்கைத்தான் குறைக்க முடிந்தது. அதற்கே இரத்த அழுத்தமும் கெட்ட கொலஸ்திரோலும் இறங்கின. முதுமையடையும் வேகத்தை இரத்தத்தில் மதிப்பிடும் ஒரு சோதனையில் அந்த வேகம் 2 முதல் 3 வீதம் குறைந்திருந்ததாக 2023இல் வெளியிட்டார்கள். ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. குரங்குகளில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் ஆயுள் விடயத்தில் ஒத்துப்போகவில்லை. ஆகவே இதயத்துக்காகக் குறையுங்கள்; நூறு வயது கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2009இல் போரின் கடைசி மாதங்களில் வெறும் கஞ்சியோடு நாள் கடத்தியவர்களிடம் சாப்பாட்டைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நான் சொல்வது பட்டினி அல்ல. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு எட்டில் ஒரு பங்கு என்பது 250 கலோரி. நான்கு தேநீருக்கு இரண்டிரண்டு கரண்டி சீனி போட்டால் அதுவே ஏறக்குறைய 160. மீதிக்கு இரவில் அரைக் கோப்பைச் சோற்றைக் குறைத்தால் போதும். குளத்து மீன், முட்டை, பயறு, முருங்கையிலை எதையும் குறைக்காதீர்கள். அந்த ஆய்வில் உடல் மெலிந்தபோது தசையும் எலும்பின் அடர்த்தியும் சற்றுக் குறைந்தன.

இவ்வளவுக்கும் ஒரு சதம் செலவில்லை. அதனால்தான் அந்த மா என்னைக் கோபப்படுத்துகிறது. முதலில் ஒரு டின், பிறகு "நீங்களும் ஆட்களைச் சேருங்கள், கமிஷன் வரும்" என்பார்கள். நுண்கடன் கட்டவே நகையை அடைவு வைக்கும் வீடுகளில் இந்த டின்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் சட்டப்படி தடை. ஆனாலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை நடக்கின்றன, கேட்க ஆளில்லை. விற்பவர் பெரும்பாலும் சொந்தக்காரராக இருப்பார். முகத்துக்காக வாங்காதீர்கள்.

இனி உங்கள் குளிசை. அந்த ஆய்வில் சீனி வருத்தம் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை, எனவே அதன் கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது. மெட்ஃபோர்மின் மட்டும் என்றால் சீனி அபாயமாக இறங்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைத்தால் சீனி திடீரென இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும். இரவில் தூக்கத்தில் சீனி இப்படி இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் தெரியாது. உங்களுக்கு அந்த மா ஆகாது என்பதற்கு இதுவே முதற்காரணம்: இரவுச் சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்கிறவருக்கு நீங்கள் போடும் குளிசையின் பெயர் தெரியாது. நடுக்கம் வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மீண்டும் குடியுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதைக் கிளினிக்கில் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். விடிய பஸ் ஏறி, இலக்கத் துண்டோடு காத்திருந்து, இரண்டு நிமிடத்தில் குளிசைப் பொட்டலத்தோடு திருப்பி அனுப்பினால் யார் எதைக் கேட்பது? நீங்கள் கேளுங்கள். கிளினிக் கொப்பியை நீட்டி, "இரவுச் சோற்றைக் குறைக்கப் போகிறேன், குளிசையின் அளவை மாற்ற வேண்டுமா?" என்று கேட்டு, பதிலைக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை குளிசையையும் நிறுத்தாதீர்கள், சோற்றிலும் கை வைக்காதீர்கள். தேநீரில் போடும் சீனியை மட்டும் இன்றே குறைக்கத் தொடங்கலாம்.